நகையும் சகிப்பும்: 'செப்பெட்' திரைப்படம் குறித்த மாறுபட்ட கருத்துகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் திரைப்பட வரலாற்றில் ஒரு சிறிய காதல் கதை பண்பாடு, சமயம், இன உறவு ஆகிய மூன்றையும் பற்றிய வாதங்களை ஒருங்கே எழுப்பியது அரிது. யஸ்மின் அஹ்மாட் இயக்கிய 'செப்பெட்' அவ்வாறு எழுப்பிய படமாகும். 2004ஆம் ஆண்டில் உருவாகி 2005இல் மலேசியத் திரையரங்குகளில் வெளியான இப்படத்தில் வீர உரைகள் இல்லை. இன நல்லிணக்கம் பற்றிய அறிவுரைகளும் இல்லை. ஈப்போ நகரில் ஒரு மலாய்ப் பெண்ணும் ஒரு சீன இளைஞனும் காதல் கொள்வதே இதன் கதை. பெரும்பகுதியும் சிரிப்போடு நகரும் இப்படத்தை ஒரு சாரார் இன நல்லிணக்கத்தின் மிகச் சிறந்த கலை வெளிப்பாடு என்றனர். பிறிதொரு சாரார் பண்பாட்டை மாசுபடுத்தும் படைப்பு என்றனர். இனச் சிக்கலை இனிப்புப் பூசி விழுங்கச் செய்யும் படம் என்று குறைகூறியோரும் உளர்.

இம்மூவகைக் கருத்துகளையும் நிரல்படுத்தி, அவற்றின் அடிப்படைகளை ஆராய்ந்து, தமிழ் இலக்கியக் கோட்பாடுகள் தரும் கருவிகளைக் கொண்டு நமது மதிப்பீட்டை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலாய்-சீன உறவைப் பேசும் படமொன்றைத் தமிழாய்வாளர் ஆராய்வதற்குத் தேவை என்ன என்னும் வினா எழலாம். அவ்வினாவுக்கான விடையும் இப்படத்தின் உள்ளேயே உள்ளது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

படைப்பாளரும் படைப்பும்

யஸ்மின் அஹ்மாட் 1958இல் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் பிறந்தவர். விளம்பரத் துறையில் பணியாற்றியவர். பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக அவர் உருவாக்கிய பெருநாள் காலத் தொலைக்காட்சி விளம்பரங்கள் மலேசியர் இல்லந்தோறும் அறியப்பட்டவை. சில நிமிடங்களுக்குள் சிரிப்பையும் கண்ணீரையும் ஒருசேர வருவிக்கும் கலையை அவர் அங்கேயே கற்றுத் தேர்ந்தார் எனலாம். 'ராபுன்' (2003), 'செப்பெட்' (2004), 'குப்ரா' (2006), 'முக்சின்' (2006), 'முஅல்லாஃப்' (2008), 'டேலண்டைம்' (2009) ஆகிய ஆறும் அவருடைய முழுநீளப் படங்கள். 2009 ஜூலை 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

'செப்பெட்' என்னும் மலாய்ச் சொல் இடுங்கிய கண்ணைக் குறிப்பது. சீனரின் கண்ணமைப்பைச் சுட்டிக் கேலியாகவும் வழங்குவது. அக்கேலிச்சொல்லையே படத்தின் தலைப்பாக்கி, கதைத்தலைவி ஓர்கெட்டின் விருப்பத்திற்குரிய சொல்லாக மாற்றியதில் இயக்குநரின் அணுகுமுறை முழுவதும் அடங்கியுள்ளது. இழிவைக் குறிக்கும் சொல்லை எதிர்த்து வாதிடாமல் அதை அன்பின் சொல்லாக்கிக் காட்டுவதே அந்த அணுகுமுறை.

கதையமைப்பு

ஓர்கெட் (ஷரிஃபா அமானி) நடுத்தர மலாய்க் குடும்பத்துப் பெண். தொழுகை உடையில் திருமறை ஓதி முடித்தபின் அவள் திறக்கும் அலமாரியின் உள்ளே நடிகர் தகேஷி கனேஷிரோவின் படங்கள் ஒட்டப்பட்டுள்ளன. பக்தியும் பருவத்து மயக்கமும் ஒரே அறையில் இடர்ப்பாடின்றி வாழ்கின்றன. ஜேசன் (ங் சூ சியோங்) சந்தையில் திருட்டு விசிடி விற்கும் சீன இளைஞன். கவிதை படிப்பவன், கவிதை எழுதுபவன். விசிடி வாங்க வந்த இடத்தில் இருவரும் காண்கின்றனர்.

ஓர்கெட்டின் தாய் (ஐடா நெரீனா), தந்தை (ஹரித் இஸ்கண்டர்), பணிப்பெண் காக் யாம் (அடிபா நோர்) ஆகியோர் வாழும் வீடு சிரிப்பின் உறைவிடம். பணிப்பெண் முதலாளிகளை அதட்டுகிறாள். கணவனும் மனைவியும் இளங்காதலர்போல் ஒருவரையொருவர் சீண்டி மகிழ்கின்றனர். ஜேசனின் உலகமோ வேறு. கள்ள வட்டு வாணிகத்தின் பின்னணியில் குண்டர் கும்பல் நிற்கிறது. கும்பல் தலைவனின் தங்கையோடு அவனுக்கிருந்த உறவின் விளைவாக அவள் கருவுற்றிருப்பது வெளிப்பட, ஓர்கெட் விலகுகிறாள். உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குப் பயணமாகும் நாளில், தாயின் தூண்டுதலால் அவனது கடிதத்தைப் பிரித்துப் படித்துக் கைப்பேசியில் அழைக்கிறாள். விமான நிலையம் நோக்கி விரைந்த ஜேசன் விபத்துக்குள்ளாகிக் கிடக்கிறான். அழைப்புக்கு அவனது குரல் மறுமொழி கூறுகிறது. அது உண்மையில் நிகழ்ந்ததா, பார்வையாளரின் விருப்பத்திற்கு இயக்குநர் அளித்த கொடையா என்பது தெளிவாக்கப்படவில்லை.

கருத்து வேறுபாடுகள்

இப்படம் குறித்த கருத்துகளை மூன்றாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, பாராட்டுவோர் கருத்து. 2005ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் இது சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. அதே ஆண்டில் தோக்கியோ அனைத்துலகத் திரைப்பட விழாவில் சிறந்த ஆசியப் படத்திற்கான விருதையும் வென்றது. மலேசியர் அன்றாடம் பேசுவதுபோலவே மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவை ஒரே உரையாடலில் கலந்து ஒலிப்பதும், இனம் கடந்த உறவை இயல்பான ஒன்றாகக் காட்டுவதும் பாராட்டுக்குரிய கூறுகளாக எடுத்துரைக்கப்பட்டன. இயக்குநர் அமிர் முஹம்மட் 2009இல் யஸ்மினின் படங்களைப் பற்றித் தனி நூலே எழுதியமை இப்படைப்புகள் பெற்ற மதிப்பை உணர்த்தும்.

இரண்டாவது, பண்பாட்டு நோக்கிலான மறுப்பு. தணிக்கையில் சில பகுதிகள் நீக்கப்பட்ட பின்னரே இப்படம் வெளியானது. 2006இல் மலேசிய வானொலி தொலைக்காட்சி நிலையத்தின் கலை நிகழ்ச்சியொன்றில், 'செப்பெட்', 'குப்ரா' ஆகிய இரண்டும் பண்பாட்டை மாசுபடுத்துகின்றன என்னும் பொருளிலேயே விவாதம் நடத்தப்பட்டது. தொழுகை தவறாத மலாய்ப் பெண் ஒருத்தி திருட்டு வட்டு விற்கும் வேற்றினத்தானை விரும்புவாளா, பெற்றோர் அதைக் கண்டும் வாளாவிருப்பரா, கணவனும் மனைவியும் பிள்ளையின் முன் இவ்வாறு கொஞ்சுவரா என்பன எழுந்த வினாக்கள். மலாய்க் குடும்பத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டது என்பதே இத்தரப்பின் சாரம்.

மூன்றாவது, நடப்பியல் நோக்கிலான மறுப்பு. இது முதலிரு தரப்பினரிடமிருந்தும் வேறுபட்டது. இனம் கடந்த காதலை இத்தரப்பினர் எதிர்க்கவில்லை. அது இத்துணை எளிதாகக் காட்டப்படுவதையே எதிர்க்கின்றனர். மலேசியச் சட்டப்படி முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்பும் பிற சமயத்தவர் இஸ்லாத்தைத் தழுவுதல் வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. ஆகவே, ஓர்கெட்டும் ஜேசனும் இணைய வேண்டுமாயின் சமய மாற்றம் என்னும் வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். கதையின் மையச் சிக்கலாக அமைந்திருக்க வேண்டிய இவ்வினாவைக் காதலர் இருவரும் எதிர்கொள்ளும் முன்னரே படம் முடிந்துவிடுகிறது. சீன இளைஞன் என்றால் கள்ள வட்டு, குண்டர் கும்பல் என்ற வார்ப்பும் மாறவில்லை என இத்தரப்பினர் சுட்டுவர்.

இம்மூன்று கருத்துகளும் மேலோட்டமாக ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. படம் நடந்ததைக் காட்ட வேண்டுமா, நடக்க வேண்டியதைக் காட்ட வேண்டுமா என்பதே அவ்வடிப்படை. பாராட்டுவோர் இது நடக்க வேண்டியது என மகிழ்கின்றனர். பண்பாட்டு மறுப்பாளர் இது நடக்கக் கூடாதது என அஞ்சுகின்றனர். நடப்பியல் மறுப்பாளர் இது நடவாதது எனக் கைவிடுகின்றனர். படத்தின் நகைச்சுவை எத்தன்மையது என ஆராய்ந்தால் இவ்வினாவுக்குத் தெளிவு கிட்டும் என நாம் கருதுகிறோம்.

நகையின் தன்மை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறும். எள்ளல் பிறரை இகழ்வதாலோ பிறரால் இகழப்படுவதாலோ பிறக்கும் சிரிப்பு. இளமை என்பது குழவித்தன்மை. பேதைமை அறியாமை. மடன் பிறர் சொன்னதை ஆராயாது ஏற்று அதனை விடாது பற்றி நிற்கும் எளிமை.

பல்லினச் சமுதாயத்தில் வழங்கும் நகைச்சுவையை நோக்கினால், பெரும்பாலும் எள்ளலே முதலிடம் பெறுவதைக் காணலாம். ஓர் இனத்தார் பிறிதோர் இனத்தாரின் பேச்சு, நிறம், உணவு, கண் ஆகியவற்றைக் கேலி செய்வதே எளிதாகக் கிட்டும் சிரிப்பு. நம் நாட்டு மேடை நகைச்சுவையிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் இவ்வகை மிகுதி. சிரிப்பவர் ஒரு பக்கமும் சிரிக்கப்படுபவர் மறு பக்கமுமாகப் பிரிவதே எள்ளலின் விளைவு. அது கூடியிருப்போரை மகிழ்விப்பது போலத் தோன்றினும் உள்ளூர வேலி கட்டும்.

'செப்பெட்' தலைப்பிலேயே எள்ளலின் சொல்லை எடுத்துக்கொண்டபோதிலும், படத்தினுள் சிரிப்பு பிறப்பது பெரும்பாலும் பிற மூன்று களங்களிலிருந்தே. ஓர்கெட்டின் பெற்றோர் நிகழ்த்தும் குறும்புகள் இளமையின்பாற்பட்டவை. வயது முதிர்ந்தோரிடம் குழவித்தன்மை தோன்றுவதால் அவை நகைக்கின்றன. முதற்காட்சியிலேயே ஒருவரையொருவர் கண்டு சொல்லிழந்து நிற்கும் காதலரின் தடுமாற்றம் பேதைமையின்பாற்பட்டது. திரைப்பட நடிகரின் முகத்தையே ஆண்மையின் இலக்கணமாகப் பற்றி நிற்கும் ஓர்கெட்டின் மனநிலை மடனுக்கு நல்ல சான்று. இவை மூன்றிலும் சிரிப்பவரும் சிரிக்கப்படுபவரும் எதிரெதிர் பக்கத்தில் நிற்பதில்லை. நாமும் ஒருகால் அவ்வாறிருந்தோம் என்னும் ஒப்புமையே சிரிப்பைத் தருகிறது.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. பண்பாட்டு மறுப்பாளர் சினந்தது பெரும்பாலும் இக்காட்சிகளைக் கண்டே. பணிப்பெண்ணோடு முதலாளியம்மாள் சமமாகக் கூத்தடிப்பதும் கணவன் மனைவியரின் கொஞ்சலும் மலாய்க் குடும்பத்தை எள்ளுவதாக அவர்கள் கொண்டனர். அவை எள்ளலன்று, இளமை என்று பகுத்தறியும்போது இம்மறுப்பின் வலிமை குறைகிறது. ஓர்கெட்டின் பெற்றோரை இயக்குநர் ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை. மாறாக, படத்திலேயே மிகுந்த அன்புக்குரியவர்களாகப் படைத்துள்ளார். தன் இனத்தவர் குழவிபோல் மகிழ்வதைக் காண்பது அவ்வினத்தின் மாண்பைக் குறைக்காது. மாண்பு என்பது இறுகிய முகம் என்று கொள்பவருக்கே அது குறையாகத் தோன்றும்.

சகிப்பு, பொறை, ஒப்புரவு

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் 'சகிப்புத்தன்மை' என்னும் சொல்லையே கையாளுகின்றனர். இச்சொல் பொருந்துமா என ஆராய்வது தமிழாய்வாளரின் கடமையாகும். சகித்தல் என்பது தனக்கு உவப்பில்லாத ஒன்றைத் தாங்கிக்கொள்ளுதல். வெயிலைச் சகிக்கிறோம், வலியைச் சகிக்கிறோம். அண்டை வீட்டாரையும் அவ்வாறே சகிக்கிறோம் என்று சொல்லும்போது, அவர் இருப்பதே ஒரு துன்பம் என்பது முன்னரே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நம் நாட்டில் இன நல்லிணக்கம் பற்றிய மேடைப் பேச்சுகளில் இத்தொனி பெரிதும் உள்ளமையை யாரும் உணரலாம்.

திருக்குறளின் பதினாறாம் அதிகாரமாகிய பொறையுடைமையும் ஒருவகையில் இத்தகையதே. தன்னைத் தோண்டுபவரையும் சுமக்கும் மண்ணை உவமையாக்கி வள்ளுவர் கூறுவது, தீங்கு செய்தாரைப் பொறுத்தலாகும். பொறை உயர்ந்த அறமே. ஆயினும், அது தீங்கு நிகழ்ந்தபின் வேண்டப்படுவது. வேறு மொழி பேசுவதும் வேறு சமயம் சார்வதும் தீங்கல்லவாதலின், அவற்றைப் 'பொறுத்துக்கொள்ள' வேண்டியதில்லை. இருபத்திரண்டாம் அதிகாரமாகிய ஒப்புரவறிதலே இங்குப் பொருந்துவது என்பது நமது கருத்து. ஊரார் யாவரும் உண்ணும் நீர்நிலையையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் உவமிக்கும் அவ்வதிகாரம், யார் வந்தாலும் கணக்குப் பாராது தன்னிடமுள்ளதைப் பகிரும் நிலையைப் போற்றுவது.

ஓர்கெட்டின் வீடு இத்தகைய ஊருணியே. அவ்வீட்டாரிடம் மகள் விரும்பும் சீன இளைஞனைச் சகித்துக்கொள்ளும் முயற்சி எதுவும் காணப்படவில்லை. தாய் சீனத் தொலைக்காட்சித் தொடரை விரும்பிப் பார்ப்பவள். மகள் சீனப் படங்களில் மனம் பறிகொடுத்தவள். காதல் வருமுன்பே பிற பண்பாட்டின்பால் விருப்பம் அவ்வீட்டில் குடிபுகுந்துவிட்டது. சகிப்பு ஏற்கெனவே நிகழ்ந்த பிரிவின் மேல் போடப்படும் பாலம். விருப்பமோ பிரிவு தோன்றுமுன்பே நடந்து பழகிய பாதை. இவ்வேறுபாட்டை எவ்வித உரையுமின்றிக் காட்சிகளாலேயே உணர்த்தியது இப்படத்தின் தலையாய வெற்றி எனத் துணியலாம்.

ஆயினும், மூன்றாம் தரப்பினரின் குற்றச்சாட்டு இதனால் நீங்கிவிடவில்லை. ஊருணியில் நீர் நிறைந்திருக்கலாம். அதற்குச் செல்லும் வழியில் வேலி இருப்பின் யாது செய்வது? எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றும் ஜேசனுக்கு உபகாரச் சம்பளம் கிட்டவில்லை, ஓர்கெட்டுக்குக் கிட்டுகிறது. 1969ஆம் ஆண்டு மே 13 நிகழ்வுகளுக்குப் பின், 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் நிழலில் வளர்ந்த தலைமுறைக்கு இக்காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. படம் இதனைச் சுட்டுகிறது. ஆனால் கடிந்து பேசவில்லை. ஒரு பெண்ணின் மகிழ்ச்சியே ஒரு காதலனின் இழப்பாக அமைவதை ஒருசேரக் காட்டிவிட்டு நகர்கிறது. இவ்விடத்தில் படத்தின் இன்னகை அதன் மெய்ம்மையை மறைக்கவில்லை. கூர்மைப்படுத்துகிறது என்றே நாம் கொள்கிறோம்.

முடிவைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. சமய மாற்றம் பற்றிய வினா எழ வேண்டிய நேரத்தில் விபத்து குறுக்கிடுகிறது. சங்க அகப்பாடல்களில் களவு வெளிப்பட்டபின் அறத்தொடு நிற்றல், உடன்போக்கு, வரைவு என வழிகள் பல உண்டு. எவ்வழியாயினும் காதலர் ஊரையும் உறவையும் எதிர்கொண்டே ஆகவேண்டும். 'செப்பெட்'டில் தாயே அறத்தொடு நிற்கிறாள். ஆனால் ஊரை எதிர்கொள்ளும் முன் தலைவன் வீழ்கிறான். சாவு இங்கே வினாவுக்கு விடையாகவில்லை, வினாவையே நீக்கிவிடுகிறது. தொடர்ச்சியாக வந்த 'குப்ரா'வில் ஓர்கெட் வேறொருவரை மணந்து வாழ்பவளாகவும் ஜேசன் மறைந்தவனாகவும் காட்டப்படுவதால், கைப்பேசியில் ஒலித்த குரல் கற்பனையே என்பதும் உறுதியாகிறது. இது தணிக்கைக்கு அஞ்சிய விலகலா, கலைத்தேவையா என்று துணிய முடியாது. எவ்வாறாயினும், நடப்பியல் மறுப்பாளரின் வாதத்தில் இப்பகுதி வலிமையுடையது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இந்தியர் எங்கே?

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் குறித்த வினாவுக்கு வருவோம். 'செப்பெட்' காட்டும் மலேசியாவில் இந்தியரின் இடம் யாது? முதன்மை மாந்தருள் இந்தியர் எவரும் இல்லை. ஆனால் படம் தொடங்குவதே ஓர் இந்தியக் குரலோடுதான். ஜேசன் தன் தாய்க்குச் சீனமொழியில் ஒரு கவிதையைப் படித்துக்காட்டுகிறான். சீனக் கவிஞர் ஒருவரின் படைப்பென்று எண்ணிய தாய், அது தாகூர் எழுதியது என்றறிந்து வியக்கிறாள். வேறொரு மொழியில், வேறொரு பண்பாட்டில் பிறந்த உணர்வு தன் நெஞ்சைத் தொட்டதே என்னும் வியப்பு அது. 1927இல் மலாயாவுக்கு வருகைபுரிந்த தாகூரின் கவிதை, ஈப்போ நகரத்துச் சீன வீடொன்றில் ஒலிப்பது அழகிய தொடக்கமே. படத்தின் கருப்பொருள் முழுவதும் இக்காட்சியில் வித்தாக உள்ளது.

எனினும், இதில் ஒரு குறை தலைகாட்டுகிறது. இந்தியம் இங்கே கவிதையாக வருகிறது, மனிதராக வரவில்லை. போற்றுதற்குரிய தொலைதூரப் பண்பாடாக இடம்பெறுகிறதேயன்றி, அடுத்த தெருவில் வாழும் அண்டை வீட்டாராக இடம்பெறவில்லை. பல்லின மலேசியாவைப் பற்றிய பேச்சு பலபோது மலாய்-சீன உறவு என்னும் ஈரிணையாகச் சுருங்கிவிடுவதை இந்நாட்டு இந்தியர் நன்கறிவர். ஒப்புரவைப் பேசும் படத்திலும் அச்சுருக்கம் நேர்ந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இயக்குநர் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவரது இறுதிப் படமாகிய 'டேலண்டைம்' சான்றாக அமைகிறது. பள்ளியொன்றின் திறன்காண் போட்டியைக் களமாகக் கொண்ட இப்படத்தில் மகேஷ் என்னும் இந்திய மாணவன் கதைத்தலைவர்களுள் ஒருவன். போட்டியில் பாடும் மெலூர் என்னும் பெண்ணை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்செல்லும் பொறுப்பு அவனுக்கு. தன் பேச்சுக்கு மறுமொழி கூறாத அவனைச் செருக்குடையவன் என அவள் சினக்கிறாள். பின்னரே அவன் செவிப்புலனற்றவன் என அறிகிறாள். நகையாகத் தொடங்கி நாணமாக மாறும் இக்காட்சி, அறியாமையால் பிறக்கும் வெறுப்பின் இயல்பை நுட்பமாக விளக்குகிறது.

'செப்பெட்'டில் இல்லாத ஊர்ப்பகை 'டேலண்டைம்' படத்தில் உண்டு. மகேஷின் தாய்மாமன் கணேஷ் தன் திருமண வேளையில் கொல்லப்படுகிறார். அண்டையில் வாழும் முஸ்லிம் குடும்பத்தின் துக்கமும் இவ்வீட்டின் திருமண ஆரவாரமும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததால் மூண்ட பூசலே காரணம். உடன்பிறந்தானை இழந்த தாய், மகன் முஸ்லிம் பெண்ணை விரும்புவதைக் கடுமையாக மறுக்கிறாள். இக்காட்சிகள் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிலாங்கூரின் கம்போங் மேடான் பகுதியில் நிகழ்ந்த மோதல்களை நினைவூட்டாமல் இரா. அண்டை அயலாரிடையே தோன்றிய சிறு பூசல்கள் முற்றி 6 உயிர்களைப் பலிகொண்ட அந்நிகழ்வில் மாண்டோருள் பெரும்பாலோர் இந்தியர். பொதுமேடைகளில் அரிதாகவே பேசப்படும் ஒரு காயத்தை இன்னகைப் படமொன்று தொட்டுக்காட்டியது சிறிய செயலன்று.

இதனைக் குறித்தும் கருத்து வேறுபாடு எழக்கூடும். வெறுப்பைச் சுமப்பவளாக இந்தியத் தாயைக் காட்டி, தாராள மனத்தை வசதிமிக்க மெலூரின் வீட்டுக்கு அளித்தது நடுநிலையா என்று வினவலாம். மலேசிய இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராயிருக்க, மகேஷின் காதற்காட்சிகளில் இந்திப் பாடல் ஒலிப்பது ஏன் என்றும் வினவலாம். இரண்டும் நேரிய வினாக்களே. முதலாவதற்கு ஓரளவு விடையுண்டு. அத்தாயின் வெறுப்பு பிறவிக்குணமாகக் காட்டப்படவில்லை. இழப்பின் விளைவாகவே காட்டப்படுகிறது. துயரம் வெறுப்பாக உறையும் விதத்தை இயக்குநர் பரிவோடு நோக்குகிறார். இரண்டாவது வினாவுக்கு நிறைவான விடை இல்லை. இந்தியர் என்றாலே இந்திப் படப்பாட்டு என்னும் பொதுப்பார்வை, பிற இனத்தாரை நேசித்த ஒரு கலைஞரிடமும் எஞ்சி நின்றது என்றே கூறவேண்டியுள்ளது. நேசிப்பது வேறு, அறிவது வேறு என்பதற்கு இது சான்றாகும்.

தமிழர் வாழ்வை அகத்திலிருந்து நோக்கும் மலேசியப் படத்திற்கு நாம் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று கூறினும் பெரிதும் பிழையாகாது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', தோட்டத்திலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வாழ்வில் சிறுவனொருவன் வன்முறைக்குள் ஈர்க்கப்படுவதை இனிப்பின்றிக் காட்டியது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அப்படம் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. ஆயினும், தேசிய மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப்பிரிவு என்ற ஏற்பாட்டினால் அவ்விழாவை ஒட்டி எழுந்த எதிர்ப்பும், அப்பிரிவினை பின்னர்க் கைவிடப்பட்டமையும் பலர் நினைவில் உள்ளன. பன்மொழி பேசிய 'செப்பெட்' 2005இல் அதே விழாவில் வென்றிருந்தும், 11 ஆண்டுகள் கழித்து அதே வினா மீண்டெழுந்தது. ஒரு படம் வென்றதனால் ஒரு சமுதாயத்தின் வினா தீர்ந்துவிடுவதில்லை.

வகுப்பறை நோக்கில்

இக்கருத்து வேறுபாடுகளால் ஆசிரியர்க்குப் பயன் யாது? நம் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்வியும் பிறர் நன்னெறிக் கல்வியும் பயில்கின்றனர். சகிப்புத்தன்மை நன்னெறிக் கல்வியில் கற்பிக்கப்படும் நெறிகளுள் ஒன்று. அதாவது, யாரைச் சகித்து வாழ வேண்டும் என்று கற்பிக்கிறோமோ அவர் அப்பாடவேளையில் அடுத்த அறையில் இருக்கிறார். தமிழ்ப்பள்ளிகளிலோ வகுப்பில் உள்ளோர் ஏறத்தாழ அனைவரும் ஒரே இனத்தினர். எதிரில் ஆள் இல்லாத நிலையில் நெறி வெறும் சொல்லாகவே மனனம் செய்யப்படுகிறது.

இந்நிலையில் 'டேலண்டைம்' போன்ற படம் மூத்த இடைநிலைப்பள்ளி மாணவர்க்குச் சிறந்த கருவியாகலாம். படத்தைக் காட்டிவிட்டு 'இதனால் நாம் அறியும் நீதி யாது?' என்று வினவுவது பயனற்றது. மகேஷின் தாய் கூறுவது தவறா, அவளிடத்தில் நீ இருந்தால் யாது செய்வாய், இப்படத்தில் எவ்விடத்துச் சிரித்தாய், அச்சிரிப்பு எள்ளலா இளமையா என்று வினவுதல் வேண்டும். தன் சிரிப்பின் களத்தைத் தானே பகுத்தறியும் மாணவன், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் அண்டை வீட்டாரையும் ஒருங்கே கற்றவனாவான். படத்தைக் குறைகூறும் கருத்துகளையும் அவன்முன் வைத்தல் வேண்டும். மாறுபட்ட கருத்தைச் செவிமடுப்பதும் ஒப்புரவின் ஒரு கூறன்றோ?

முடிவுரை

'செப்பெட்' குறித்த மூவகைக் கருத்துகளுள், பண்பாட்டை மாசுபடுத்துகிறது என்னும் கருத்து அப்படத்தின் நகையை எள்ளலாகப் பிறழக் கொண்டதன் விளைவு என்பதைக் கண்டோம். சிக்கலை எளிதாக்குகிறது என்னும் கருத்து படத்தின் இடைப்பகுதிக்குப் பொருந்தாது, முடிவுக்குப் பொருந்தும் என்பதையும் கண்டோம். நல்லிணக்கப் படம் என்னும் பாராட்டு உண்மையே. ஆயினும், அந்நல்லிணக்கத்தின் வட்டத்துள் இந்தியர் கவிதையாக மட்டுமே இருந்தனர் என்பதை அப்பாராட்டு கவனிக்கத் தவறியது. அக்குறையை ஓரளவு நீக்க முயன்ற 'டேலண்டைம்' இயக்குநரின் இறுதிப் படமாக அமைந்துவிட்டது நம் நாட்டுத் திரைக்கலைக்கு நேர்ந்த இழப்பாகும்.

இன்னகையோடு பேசும் கலை மெய்ம்மையிலிருந்து தப்பியோடுவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எவரைக் கண்டு சிரிக்கிறோம், எவரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோல். இவ்வளவுகோலைக் கொண்டு மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களும் மேடை நகைச்சுவையும் ஆராயப்படுமாயின், பிற இனத்தாரை நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதும் வெளிப்படும். அவ்வாய்வு நமக்கு உவப்பாக அமையாது போகலாம்; எனினும் அது மேற்கொள்ளப்பட வேண்டியதே.